டெலஸ்கோப்பை டிக்கியில் போடலாமா? வாசகர் கேள்வி–பதில்

மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்ததும், அமாவாசையை ஒட்டிய வாரக் கடைசிகளில் கொல்லிமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் நட்சத்திரம் பார்க்கக் கார்கள் கிளம்பிவிடுகின்றன. கருவியைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒன்றாகப் பதில் சொல்கிறோம்.

என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் (அடிப்பெட்டியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்; 8 அங்குலம் கண்ணாடியின் விட்டம்) இருக்கிறது. கார் சின்ன ஹேட்ச்பேக். நானும் கணவரும் பத்து வயது மகனும் கொல்லிமலை போக வேண்டும். குழாயை எங்கே வைப்பது? 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே கை நடுங்குகிறது. – வாசகி, ஈரோடு

முதல் வேலை, டேப் எடுத்து அளப்பது. 8 அங்குல டாப்சோனியன்களில் பெரும்பாலானவை 1200 மி.மீ. குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) கொண்டவை. குழாய் ஏறத்தாழ 115 முதல் 120 செ.மீ. நீளம், 9–10 கிலோ எடை. அடிப்பெட்டி தனியாக இன்னொரு 10 கிலோ. பின் சீட்டில் கதவுக்குக் கதவு எவ்வளவு இடம் என்பதை ஜன்னல் மட்டத்தில் அளக்காதீர்கள். கீழே ஆர்ம்ரெஸ்ட்டும் கைப்பிடியும் இரண்டு பக்கமும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சீட்டு மட்டத்தில் கிடைக்கும் அளவுதான் கணக்கு.

இரண்டே பேர் போவதாக இருந்தால் பின் சீட்டில் குறுக்காகப் படுக்க வைப்பதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. சீட்டின் ஸ்பிரிங்கும் பஞ்சும் ரோட்டின் அதிர்ச்சியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மூன்று பேர் என்பதால் உங்கள் காரின் பின் சீட்டு பிரித்து மடக்கும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் ஒரு பக்கத்தை மட்டும் மடக்கி, குழாயை டிக்கியிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை நீளவாக்கில் போடலாம். பையன் மறுபக்கம் பெல்ட் போட்டு உட்காரலாம். சீட்டு ஒரே துண்டாக மடங்குவதாக இருந்தால் மூன்று பேரும் குழாயும் சேர்ந்து போக வழியில்லை. பையன் மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

நீளவாக்கில் போடும்போது எந்த முனை முன்னால் இருக்க வேண்டும் என்பது முக்கியம். கண்ணாடி உள்ள முனை முன்பக்கம், திறந்த வாய் டிக்கிக் கதவின் பக்கம். காரணம் இதுதான்: ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள பெரிய கண்ணாடியை முதுகுப்பக்கம் முழுத் தாங்கி பிடித்திருக்கிறது, முகப்புப் பக்கம் மூன்று சின்னக் கிளிப்புகள் மட்டுமே. சடன் பிரேக் போட்டால் எல்லாமே முன்னோக்கிப் பாயும். கண்ணாடி முனை முன்னால் இருந்தால் கண்ணாடி தன் தாங்கியின் மேலேயே அழுந்தும். திருப்பி வைத்திருந்தால் முழு எடையும் அந்த மூன்று கிளிப்புகளில் போய் விழும். இன்னொன்று, கனமான முனை ஆரம்பத்திலேயே முன் சீட்டின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் ஒரு தலையணை மட்டும். இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில்தான் அது வேகம் பிடிக்கும்.

மடக்கிய சீட்டு சமதளமாக இருக்காது. பள்ளத்தைப் போர்வை சுருட்டி நிரப்பி, அதன்மேல் யோகா பாயை இரண்டாக மடித்துப் போட்டு, குழாயை அதில் கிடத்துங்கள். பக்கவாட்டில் உருண்டையாகத் துருத்தும் பேரிங்குகள் மேல் எடை நிற்கக் கூடாது. ஃபோகஸர் (படம் தெளிவாகத் தெரிய முன்பின் நகர்த்தும் பகுதி) வானத்தைப் பார்த்து இருக்கட்டும். கீழ்ப்பக்கம் போனால் குழாயின் எடை முழுதும் அதன் மெல்லிய தகட்டில் ஏறி, தகடு வளைந்துவிடும். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளி, பூட்டுத் திருகை விரலால் இறுக்கி, வாய்க்கு மூடி போடுங்கள். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), ஃபைண்டர் (குறிபார்க்கும் சின்ன டெலஸ்கோப்), ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி) எல்லாம் கழற்றித் தனிப் பெட்டியில். ரெட் டாட்டை அணைத்தோமா என்று பாருங்கள். மலை ஏறிய பிறகு பொத்தான் பேட்டரி தீர்ந்து நிற்பவர்கள் அதிகம்.

கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம். அங்கே கருவி முன்பின்னாக நகர்வதைவிடப் பக்கவாட்டில் தள்ளப்படுவதுதான் தொல்லை. நீளவாக்கில் கிடக்கும் குழாய் உருளப் பார்க்கும். இரண்டு பக்கமும் துணிப் பைகளை முட்டுக் கொடுங்கள். குறுக்காகக் கிடக்கும் குழாய் உருளாது, கதவை நோக்கி வழுக்கும். இரண்டு முனைக்கும் கதவுக்கும் நடுவில் தலையணை செருக வேண்டும். குறுக்காக வைப்பவர்கள் மறந்துவிடும் இன்னொரு இடம், முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளம். பிரேக்கில் குழாய் விழுவது அதற்குள்தான். துணிப் பைகளையும் படுக்கையையும் அதில் போட்டுச் சீட்டு மட்டத்துக்கு நிரப்பிவிட்டால் விழ இடமே இருக்காது. சீட்டு பெல்ட்டுகளைக் குழாயைச் சுற்றிப் போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள்.

அடிப்பெட்டியைப் படுக்கப் போட்டு டிக்கியில் வைக்கலாம். இடம் போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டுவது ஆகாது: அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நாலைந்து முறை கழற்றினாலே ஸ்க்ரூ துளை தேய்ந்து, அதன்பின் பெட்டி ஆடும், படமும் ஆடும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஆசாரியிடம் கொடுத்துத் துளைகளில் மரையுள்ள உலோகப் புஷ் இறக்கி, போல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குழாயைப் படுக்க வைத்தால் கண்ணாடி விளிம்பில் நிற்குமே, அது உடையாதா? – வாசகர், விழுப்புரம்

உடையாது. கலிஃபோர்னியாவின் பாலமார் மலை டெலஸ்கோப்புக்கான 200 அங்குலக் கண்ணாடி வட்டை 1936-ல் கார்னிங் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுபோனபோது விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தித்தான் ஏற்றினார்கள். ரயில் மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ.க்கு மேல் போகவில்லை, அதுவும் பகலில் மட்டும்.

படுக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. குழாயின் வாயருகே சிலுவைக் கம்பியில் தொங்கும் சின்னக் கண்ணாடி ஒற்றை நடு போல்ட்டில் நிற்கிறது. தொடர் அதிர்வில் அது கழன்றால், நிமிர்ந்த குழாயில் நேராகப் பெரிய கண்ணாடியின் மேல் விழும். படுத்த குழாயில் பக்கச் சுவரில் விழும். கிளம்பும் முன் அந்த போல்ட்டை ஆலன் கீயால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அப்போதும் குழாய் படுத்தே இருக்கட்டும். நிமிர்ந்த குழாயின் வாயில் ஆலன் கீயோடு கை வைப்பதுதான் இந்தக் கருவிக்குச் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். ரோட்டுப் பள்ளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் நட்சத்திரங்கள் வால் முளைத்தது போலத் தெரிகின்றன. வீட்டு மாடியில் இப்படி இல்லை. கண்ணாடி நகர்ந்துவிட்டதா? – வாசகர், சேலம்

இரண்டு காரணம் இருக்கலாம். முதல் காரணம் சூடு. காருக்குள்ளிருந்து வந்த கண்ணாடி, மலைக் குளிருக்கு இறங்க 8 அங்குலத்துக்கு 45 நிமிடமாவது ஆகும். அதுவரை குழாய்க்குள் சூடான காற்று நெளிந்துகொண்டிருக்கும், படமும் கொதிக்கும். இறக்கியதும் மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அதன் பிறகும் எல்லா நட்சத்திரங்களுக்கும் ஒரே திசையில் வால் இருந்தால் கொலிமேஷன், அதாவது இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் அமைப்பு, கலைந்திருக்கிறது. பயணத்தில் பெரும்பாலும் பெரிய கண்ணாடிதான் துளி சாய்கிறது. சின்னக் கண்ணாடியை அவசரப்பட்டுத் திருகிவிடாதீர்கள். கொலிமேஷன் மூடி (ஃபோகஸரில் மாட்டும், நடுவில் துளையுள்ள மூடி) வழியாகப் பார்த்து, பெரிய கண்ணாடியின் நடு வளையத்துக்குள் மூடித் துளையின் பிம்பம் உட்காரும்வரை பின்பக்கத்து மூன்று சரிசெய்யும் திருகுகளை மட்டும் திருப்பினால் போதும். பின்பு பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 200 மடங்கு அளவில் வைத்து ஃபோகஸைச் சற்றுக் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. இதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்வது வடக்கு நாட்டுக் கையேடுகளின் பழக்கம். கொல்லிமலையிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 11 பாகையில், தூசிக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே நிற்கிறது. 60 பாகைக்கு மேலே உள்ள ஏதாவது ஒன்றை எடுங்கள். நகர நகரக் குழாயைத் தள்ளிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பயணத்திலும் கலைகிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில். சரிசெய்யும் திருகுகள் மிகவும் வெளியே வந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, கண்ணாடி ஆடும். மூன்றையும் ஒரே அளவு உள்ளே திருகி, ஸ்பிரிங் பாதிக்கு மேல் அமுங்கி நிற்கும்படி வைத்துவிட்டு மறுபடி கொலிமேஷன் செய்யுங்கள். பூட்டுத் திருகுகளைப் பலம்கொண்டு இறுக்குவது மருந்தல்ல. அவையே கண்ணாடியைச் சாய்த்துவிடும். நட்சத்திரம் வாலில்லாமல் முக்கோணமாகத் தெரிந்தால், கண்ணாடி ஆடாமல் இருக்கட்டும் என்று யாரோ கிளிப்புகளை இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த காகிதம் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும்.

ஈக்வட்டோரியல் மவுண்ட்டை (வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் குழாயைத் திருப்பும் தாங்கி) அப்படியே ட்ரைபாடோடு சாய்த்துக் கொண்டுபோகிறேன். பிரிக்கத்தான் வேண்டுமா? – வாசகர், ஓசூர்

பிரிக்க வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். முதலில் குழாயை இறக்குங்கள், பிறகு அதைச் சமன்செய்யும் எடைக்கட்டிகளை. எடைக்கட்டியை முதலில் கழற்றினால் மறுபக்கம் இருக்கும் குழாய் சர்ரென்று கீழே சுழன்று ட்ரைபாட் காலில் மோதும். அங்கே போய்ப் பூட்டும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் எடைக்கட்டி, கடைசியில் குழாய். பிரிக்கும்போது எடைக்கட்டிக்கு அடுத்து அதன் தண்டு, பிறகு மவுண்ட் தலை.

மவுண்ட் தலையை மெத்தைப் பெட்டியில் வைக்கும்போது இரண்டு அச்சுகளின் கிளட்சையும் தளர்த்தி விடுங்கள். இறுக்கியிருந்தால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் உள்ளே அச்சைத் திருப்பும் வார்ம் கியரின் பல்லுக்குப் போகும். ட்ரைபாட் கால்களை உள்ளே தள்ளிக் கையால் மட்டும் பூட்டுங்கள். ஸ்பேனர் பிடித்தால் வார்ப்பு விரிசல் விடும்.

இனி அந்த 5 கிலோ எடைக்கட்டி. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், காருக்குள் கட்டாமல் கிடக்கும் பொருள் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து விழும் வேகத்தில் எதிரில் இருப்பதை அடிக்கும். பின் சீட்டின் மேலோ, டிக்கிக்கு மேலே உள்ள தட்டிலோ எடைக்கட்டி இருக்கவே கூடாது. தடித்த கேன்வாஸ் பையில் போட்டு, டிக்கியின் தரையில், பின் சீட்டின் முதுகை ஒட்டி, ஆடாமல் முட்டுக் கொடுங்கள். கண்ணாடி உள்ள எந்தப் பொருளும் அதே பையில் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியும் அப்படியே: நிமிர்ந்து நிற்கட்டும், முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். எடைக்கட்டி முனையில் சாய்ந்து பொறி பறந்தால் அணைக்க யாரும் டிக்கிக்குள் இல்லை.

கார் மேல் கேரியரில் கட்டலாமா? – வாசகர், மதுரை

ட்ரைபாடையும் மடக்கு நாற்காலியையும் கட்டுங்கள். குழாய் வேண்டாம். வெயில், மழை, தாழ்ந்த மரக்கிளை, லாரி கிளப்பும் ஜல்லி, எல்லாம் அங்கேதான்.

சுற்றிப் பொதிய தெர்மோகோல் போதுமா? – வாசகி, தஞ்சாவூர்

கருவியோடு வந்த அச்சுப் பெட்டிக்குள் என்றால் சரி. உடைத்துத் துண்டாகப் போட்டால் குலுக்கலில் உதிர்ந்து, அந்த வெள்ளை மணிகள் மின்னேற்றத்தோடு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, தேய்த்தால் கீறல் விழும். பழைய ரப்பர் ஃபோம் மெத்தையும் வேண்டாம். வருடம் ஆக ஆகப் பொடியாக உதிரும். மெத்தைக் கடையில் ஈ.பி.ஈ. ஃபோம் என்று கேட்டால் 25 மி.மீ. தடிமனில் வெட்டித் தருவார்கள். உதிராது, தண்ணீர் குடிக்காது. பபிள் ராப் பயணத்துக்கு மட்டும். அதில் சுற்றியே மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே ஈரம் தங்கும்.

கொடைக்கானலிலிருந்து ஏ.சி. காரில் சென்னை வந்தோம். வீட்டில் மூடியைத் திறந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. துணியால் துடைத்தேன். இப்போது லேசான கோடுகள் தெரிகின்றன. – வாசகர், சென்னை

கோடுகள் நிரந்தரம். கண்ணாடியின் மேல் உள்ள அலுமினியப் பூச்சு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அந்தக் கோடுகளால் படத்துக்குப் பெரிய கேடு இல்லை, மனசுக்குத்தான். இதற்காக மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

நடந்தது என்ன என்றால், சென்னையில் 30 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு மாலையில், 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். மலைக் குளிர் வழியிலேயே போயிருக்கும். ஆனால் உங்கள் ஏ.சி. கண்ணாடியை 22–23 பாகையிலேயே வைத்திருந்தது. ஊரை நெருங்கும் கடைசி ஒரு மணி நேரம் ஏ.சி.யைக் குறையுங்கள். வீட்டில் மூடியோடு இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு திறங்கள். பெட்டி மூடியிருக்கும்வரை வெளி ஈரம் உள்ளே வராது.

விடியற்காலை மலையிலேயே பனியில் நனைந்த குழாயை மூடிக் கொண்டுவந்திருந்தால் கதை வேறு. ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மூடியபடி வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் சில வாரங்களில் பூஞ்சை நூல் படரும், கண்ணாடியிலும் ஐபீஸிலும். அப்போது காரிலிருந்து இறக்கி அறை வெப்பத்துக்கு வந்த உடனே மூடிகளைத் திறந்து, குழாயைப் படுக்க வைத்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒரு பகல் முழுக்க விடுங்கள். ஹேர் ட்ரையர் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் சூடேறுவது கண்ணாடிக்கு நல்லதல்ல. துடைக்காதீர்கள், தானாகக் காயும். ஐபீஸ் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஆரஞ்சு, பச்சைக்கு மாறினால் 110–120 பாகையில் ஓவனில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

விடியற்காலை நாலு மணிக்குப் பொதியும்போது இன்னொரு கவனம்: தூக்கக் கலக்கத்தில் காணாமல் போவது சின்னத் திருகுகள்தான். இரவு கருவியைப் பூட்டும் முன்பே அடியில் ஒரு வெள்ளைப் பழைய பெட்ஷீட் விரித்துவிட்டால், புல்லுக்குள் டார்ச் அடித்துத் தேட வேண்டியதில்லை.

மே மாதம் பகலில் கிளம்புகிறோம். வழியில் சாப்பிட நிறுத்தினால் கார் வெயிலில் நிற்கும். ஆபத்தா? – வாசகர், திருச்சி

கண்ணாடிக்கு ஆபத்தில்லை, மற்றதற்கெல்லாம் உண்டு. வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். ஃபோகஸர் கிரீஸ் இளகி வழியும். பசையால் ஒட்டிய சின்னக் கண்ணாடிக்கு, அதுவும் இருபுறம் ஒட்டும் டேப்பில் ஒட்டியிருந்தால், பசை இளகும். பைனாகுலரிலும் ஃபைண்டரிலும் ஒட்டுப் போட்ட வில்லைகள் உண்டு. அவற்றுக்கும் இந்தச் சூடு ஆகாது. பவர் பேங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். குழாயின் மேல் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்தினால் நேர் வெயில் தடுபடும்.

எல்லா முனைக்கும் மூடி இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே சும்மா தூசிக்காக இல்லை. ஜன்னல் வழியே வரும் வெயில் திறந்த குழாய்க்குள் நேராக விழுந்தால், கண்ணாடி அதைக் குவித்துச் சீட்டு உறையைப் பொசுக்கிவிடும். ஃபைண்டரின் சின்ன வில்லைக்கும் அந்தச் சக்தி உண்டு.

70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப். கார் இல்லை, பஸ்தான். – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

900 மி.மீ. குவியத் தூரம் உள்ளது என்றால் குழாய் உங்கள் இடுப்பு உயரம் இருக்கும், எடை மிகக் குறைவு. மேலே சாமான் தட்டில் போடாமல், இரண்டு கால்களுக்கு நடுவே லென்ஸ் முனை மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசை சீட்டு வேண்டாம். பின் சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால் தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். டயகனலை (ஐபீஸுக்கு முன் ஒளியைத் திருப்பிவிடும் பகுதி) கழற்றித் தனியே வையுங்கள். முன் லென்ஸ் வளையத்தை எந்தக் காரணத்துக்கும் திருகிக் கழற்றாதீர்கள். உள்ளே இரண்டு வில்லைகள் குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கின்றன, கலைந்தால் வீட்டில் சேர்க்க முடியாது.

காரில் அடிக்கடி கொண்டுபோக வேண்டும் என்பதால் 8 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குல டாப்சோனியன் வாங்கலாமா? – வாசகர், வேலூர்

எடை குறையும், நீளம் குறையாது. கடைகளில் கிடைக்கும் 6 அங்குல டாப்சோனியன்களில் பெரும்பாலானவையும் 1200 மி.மீ. குவியத் தூரம்தான், குழாய் அதே நீளம். பின் சீட்டில் 8 அங்குலம் போகவில்லை என்றால் 6 அங்குலமும் போகாது. இடம்தான் பிரச்சினை என்றால் 127 மி.மீ. மாக்சுடோவை (வில்லையும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய் டெலஸ்கோப்) பாருங்கள். 1500 மி.மீ. குவியத் தூரம், ஆனால் குழாய் ஒரு முழத்துக்கும் குறைவு, மூன்றரைக் கிலோ அளவு. கோள்களுக்கும் நிலவுக்கும் அருமை. விரிந்த நெபுலாக்களுக்கு (வாயுவும் தூசியும் சேர்ந்த வான் மேகங்கள்) 8 அங்குலத்துக்கு ஈடாகாது. ஜவ்வாது மலை இருட்டுக்கே போகிறவர் என்றால் எங்கள் ஓட்டு 8 அங்குலத்துக்குத்தான். கடைக்காரரிடம் கேட்டு, வாங்கும் முன்பே குழாயை உங்கள் காரில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.